ஆள் பொருந்தவில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு (வயது இருபத்தாறு ஆனாலும்),

அப்பா எழுதுவது. இங்கே நானும், சுவர்க் கடிகாரமும், சமையலறையில் சொட்டுகிற குழாயும் சௌக்கியம். அங்கே நீயும் நீ செய்கிற பல் செட்டுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். அந்தப் போனால்தான் வந்தது வினை. எங்கள் ஆஸ்பத்திரியில் வருகைப் பதிவை மாற்றிவிட்டார்கள். முன்பு ரிஜிஸ்டரில் கையெழுத்து. பிறகு விரல் வைக்கிற மெஷின் வந்தது. மற்ற பிரிவுக்காரர்கள் விரலை வைத்தார்கள், போனார்கள். சலவைப் பிரிவு ஆட்கள் வைத்தால் மட்டும் ‘மீண்டும் முயலவும்’ என்றது. முப்பது வருஷம் சோடாவிலும் கொதிக்கிற தண்ணீரிலும் கை வைத்ததில் எங்கள் ரேகையெல்லாம் துணி அழுக்கோடு போய்விட்டது. கைரேகை பார்க்கிறவன் என் கையைப் பார்த்தால் நான் இன்னும் பிறக்கவே இல்லை என்பான்.

ஆகையால் இப்போது எதையும் தொடாமலே பதிவு. அவரவர் போனில் ஒரு ஆப். காலை ஏழு மணிக்குள் கேட்டுக்குள் வந்து நின்று, போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்டினால், ‘வருகை பதிவாயிற்று, நன்றி’ என்று ஒரு பெண்குரல் சொல்லும். முப்பது வருஷத்தில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் உள்ளே விட்டதில்லை.

இதற்காகப் போன வாரம் எல்லாரையும் படம் பிடித்தார்கள். நேராக ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. என் படம் சுமார்தான். என்றைக்கு நன்றாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன் இப்போது பாதி ஆபீஸ் சொத்து. கேமராவை வேறு எதற்காவது திறந்தால் ஆப் குழம்பிவிடும் என்று சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று கேட்காதே, சொல்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சும்மா பேசுவதும் வேண்டாம், சார்ஜ் நிற்பதில்லை. நீ ஹாஸ்டலில் இருந்தபோது கடுதாசிதானே போட்டுக்கொண்டோம், என்ன கெட்டுப் போயிற்று?

கண்ணில் தூசி விழுந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறேன். பார்க்கிறவர்கள் பெரிய ஆள் என்று வழி விடுகிறார்கள். வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
விரல் இருந்தும் ரேகை இல்லாதவர்


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு நிமிடம் முகம் காட்டினால் உங்கள் ஆபீஸ் குடி முழுகிப் போகுமா? எங்கள் லேபிலும் வருகைப் பதிவு போனில்தான். ஒரு ஆப்பும் குழம்பவில்லை. குழப்புவது யார் என்று எனக்குத் தெரிகிறது.

சரி, கடிதமே எழுதுகிறேன். எனக்கு வேலை அதிகம். காலை முழுக்கப் பல் செட்டைத் தேய்ப்பது, மாலையில் அளவு பார்ப்பது. ஜூன் இருபதாம் தேதி சான்றிதழ்த் தேர்வு. அதில் தேறினால்தான் இங்கே நிரந்தரம். நடுவில் ஒரு நாள்கூட லீவு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். போனை எடுத்தால் நீங்கள் ‘படிச்சியா’ என்று ஆரம்பிப்பீர்கள், அதற்குக் கடிதமே தேவலை.

ஒன்று மட்டும். அம்மா விஷயத்தில் நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? வாய் ஒரு பக்கம் இழுத்ததை அம்மா மூன்று வாரம் பல்வலி என்று சொல்லி மறைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பக்கவாதம் முற்றிவிட்டது, அம்மா வீடு திரும்பவில்லை. அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து என்ன சொன்னீர்கள்? இனிமேல் இந்த வீட்டில் உடம்பு விஷயத்தை யாரும் யாருக்கும் மறைக்கக் கூடாது என்று. சொன்னது நீங்கள்.

கண்ணில் விழுந்த தூசி போயிற்றா?

மகள்


மார்ச் 7

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆசிகள். உன் கடுதாசி கிடைத்தது. ‘நான் நலம்’ என்று எழுதியிருந்ததை நான்கு தடவை படித்தேன், ஏனென்றால் அதற்கு அப்புறம் எல்லாம் திட்டு.

தூசி போய்க்கொண்டிருக்கிறது. பெரிய தூசி.

கேட்டில் நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். காலை ஆறு ஐம்பதுக்கு நாற்பது பேர் வரிசையாக நின்று அவரவர் போனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருப்போம். வெளியே போகிறவர்கள் என்ன நினைப்பார்களோ. கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையலக்காவுக்கு (என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் ஊருக்கே அக்கா) நாலு தடவை பிடித்தால்தான் பதிகிறது. “நான் தூங்கி எந்திரிச்ச மூஞ்சியோட வர்றேன், படம் புடிச்ச அன்னைக்குப் பவுடர் போட்டிருந்தேன். இது பவுடரைத் தேடுது” என்கிறாள். எங்கள் பொறுப்பாளரை உனக்குத் தெரியும். சட்டை அவர் இல்லாமலே நிற்கும், அதனால் கஞ்சி என்று பெயர். அவர் நடுவில் நின்று “வட்டத்துக்குள்ள, வட்டத்துக்குள்ள” என்று கத்திக்கொண்டிருப்பார்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, என்னை மட்டும் போன் ஒரே தடவையில் தெரிந்துகொள்கிறது. கஞ்சியே ஆச்சரியப்பட்டார். எனக்கு அப்படி ஒரு அடையாளமான முகம்.

உள்ளே பழைய கதைதான். ரோலரில் நிற்கிறேன். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வருகிறது. ஒரு நாளைக்கு அறுநூறு. வீட்டுக்கு வந்தால் அந்தச் சூடு இன்னும் முகத்தில் இருக்கிறது. உடனே படுத்துவிடுகிறேன். குளிர்பானக் குழல் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீரும் டீயும் அதில் குடித்தால் ஒரு சுகமாக இருக்கிறது, சட்டையும் நனைவதில்லை. நீயும் முயன்று பார்.

ஒப்பந்தம் நன்றாக நினைவிருக்கிறது.

உன் அப்பா


ஏப்ரல் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலையாக இருப்பாய். உன் பிறந்த நாளுக்கு நான் போன் செய்தபோது லைன் சரியில்லை, அதனால்தான் பத்து நொடியில் வைத்துவிட்டேன். தப்பாக நினைக்காதே.

இங்கே ஒரு வேடிக்கை. பத்து நாளாக ~~நான் தேறி~~ (மேலே அடித்திருப்பதைப் படிக்க முயலாதே, பேனா தடுக்கிவிட்டது) போனுக்கு என்னைத் தெரியவில்லை. முதல் நாள் மூன்று தடவை பிடித்தேன். ‘ஆள் பொருந்தவில்லை’ என்று சொல்லிவிட்டது. அதே பெண்குரல்தான். நன்றி இல்லை.

கஞ்சி வந்தார்.

“என்னய்யா, யாரு நீங்க?”

“நான்தான் சார்.”

“நான்தான்னு எல்லாரும்தான் சொல்வாங்க. போன் சொல்லலையே.”

“முப்பது வருஷமா பாக்குறீங்களே சார்.”

“நான் பாக்குறது கணக்கில்லைங்க. அது பாக்கணும்.”

ஒரு மாதத்தில் மூன்று நாள் வரை அவரே கையால் பதிந்து விடலாமாம். நான்காவது நாள் மேலே போய்விடும். எனக்கு நான்காவது நாளும் வந்தது. மேலேயிருந்து காகிதம் வந்திருக்கிறது. ‘ஆள் மாறாட்டம் குறித்து விளக்கம் தரவும்.’ அதாவது என் பெயரில் வேறு எவனோ வந்து ரோலரில் நிற்கிறான் என்று சந்தேகம். பாப்பா, அந்தச் சூட்டில் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்க ஒருத்தன் கிடைத்தால் நானே காலில் விழுந்து கூட்டி வரமாட்டேனா.

மறுபடி படம் எடுக்கச் சொல்லலாமே என்பாள் தையலக்கா. எடுக்கலாம். ‘முகம் மாறியதற்குக் காரணம்’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதையாவது எழுதினால் டாக்டர் ரூமுக்கு அனுப்புவார்கள். எனக்கு முன்னால் ரோலரில் நின்றவரை இப்படித்தான் ஒரு தலைசுற்றலுக்காக அனுப்பினார்கள். அவர் டாக்டர் ரூமிலிருந்து நேரே வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. எனக்கு ரிடையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் குழாய்ச் சொட்டைத்தான் எண்ண வேண்டும்.

அதனால், கேமராவில் நீராவி படிந்துவிட்டது என்று விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

பதில் போடு.

உன் அப்பா (என்று நம்புகிறேன்)


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம்.

அடித்ததை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ‘நான் தேறி’. எதிலிருந்து தேறினீர்கள்?

பல் செட்டைப் பொருத்தியதும் வந்தவரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்வோம். உதடு இரண்டும் சரியாக மூடித் திறக்கிறதா என்று பார்க்க. ‘பம்பரம்’. அந்த வார்த்தையில் மூன்று தடவை உதடு ஒட்டியாக வேண்டும். ஒட்டாவிட்டால் காற்றுத்தான் வரும். என் பிறந்த நாளன்று நீங்கள் என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிடவில்லை. ‘வாவ்வா’ என்று கூப்பிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது, பின்னால் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது.

கறுப்புக் கண்ணாடி. குளிர்பானக் குழல். சட்டை நனைவதில்லை.

போனில் கூப்பிட்டு ஒரு தடவை ‘பம்பரம்’ சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மகள்


மே 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். உன் கடுதாசி வந்தது. இந்த வயதில் எனக்கு எதற்கம்மா பம்பரம். விட்டால் கயிறும் வாங்கித் தருவாய்.

நல்ல செய்தி. போன் என்னை மறுபடி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு பிடித்தால் பட்டென்று பதிகிறது. வீட்டுக் கண்ணாடியில் நாலு நாள் பழகினேன். இப்போது எட்டு நாளாக ஒரு தடவைகூடத் தவறவில்லை. விளக்கம் கேட்டவர்கள் அந்தக் காகிதத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை. கஞ்சி மட்டும் ஏனோ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

நீ படிப்பைப் பார். தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது.

உன் அப்பா


மே 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது இப்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், நான் கேட்டுவிடுவேனோ என்று.

சரி. சொல்கிறேன்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலையில் டீ குடித்தேன். இடது பக்கம் வழியாகச் சட்டையில் வழிந்தது. கப்பில்தான் ஓட்டை என்று திருப்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் போனால், இடது கடைவாய் தொங்குகிறது, இடது கண் மூடவில்லை. உன் அம்மாவின் முகம் என் முகத்தில் இருந்தது. யோசித்தது உன்னைப் பற்றித்தான். சொன்னால் அன்றைக்கே வண்டி ஏறிவிடுவாய், தேர்வும் வேலையும் போகும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே வரும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டரிடம் போனேன். கையைத் தூக்கச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாப்பா, இந்த வரியைக் கவனமாகப் படி. இது அம்மாவுக்கு வந்தது இல்லை. முகவாதம். முகத்துக்குப் போகிற ஒரு நரம்பு வீங்கிவிட்டது, மூளையில் ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று மாதத்தில் தானாகத் திரும்பும் என்றார். மாத்திரை தந்தார். தூங்கும்போது கண்ணை மூடிப் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். சொன்னதெல்லாம் செய்தேன்.

அதற்கு மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் எல்லாரையும் படம் பிடித்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. எனக்கு ஒரு கண்தான் சிமிட்டியது. அதுவே போதும் என்று ஏற்றுக்கொண்டது.

ஆக, போனுக்குத் தெரிந்த நான் அந்தக் கோணல் முகக்காரன். மார்ச் கடைசியில் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம், அதற்கு அடையாளம் தெரியவில்லை. என்ன செய்ய. எது போக வேண்டும் என்று இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினேனோ, அதையே இப்போது கண்ணாடி முன்னால் நின்று பழகி, தினமும் காலையில் கேட்டில் வரவழைக்கிறேன். கடைவாயை இறக்கி, இடது கண்ணை அசையாமல் வைத்து, வலது கண்ணை மட்டும் சிமிட்டி. ‘வருகை பதிவாயிற்று, நன்றி.’ அப்புறம் உள்ளே போய் முகத்தை நேராக்கிக்கொண்டு ரோலரில் நிற்கிறேன்.

சில நாள் ரோலருக்குப் போனபிறகும் வாய் திரும்புவதில்லை. கையால் தேய்த்துவிட வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருக்கிறது, பாப்பா. வேலை அலுக்கவில்லை. தினமும் நோயாளியாக நடித்துவிட்டு வேலை செய்வது அலுக்கிறது.

ஒப்பந்தத்தை நான்தான் போட்டேன், நான்தான் உடைத்தேன். திட்டி ஒரு வரியாவது எழுது.

அப்பா


ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தொண்டை கட்டியிருந்தது, அதனால்தான் போனை எடுக்கவில்லை.

எனக்கு மார்ச் மாதமே தெரியும். அந்தக் குளிர்பானக் குழல் கடிதம் வந்த அன்றே தையலக்காவுக்குப் போன் செய்தேன். “உங்கப்பா ஒரு பக்கமாத்தான் சிரிக்கிறாரு, பாதிச் சந்தோஷம் போல. பயப்படாதே, டாக்டர் சீட்டைப் பார்த்துட்டேன், நரம்புதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதே, மனுஷன் ஒளிச்சு வைக்கிறதுக்கு ரொம்பப் பாடுபடுறாரு” என்றாள். வாரா வாரம் அவளிடம் கேட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் நான் இங்கே உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பேன் என்றா நினைத்தீர்கள்?

நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பம்பரம் வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். பெட்டியைக்கூட ஒரு நாள் கட்டினேன். கட்டிவிட்டு அவிழ்த்தேன். வந்து நின்றால், தேர்வைக் கெடுத்துவிட்டேனே என்று அதற்கும் நீங்கள்தான் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

இந்த முகம் கோணுகிற வேலையை நிறுத்துங்கள். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், அது உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் கஞ்சியிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இருபதாம் தேதி எனக்குத் தேர்வு. அதற்குள் உங்களுக்கும் ஒன்று. நான் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள், அந்தக் கட்டத்தில்.

மகள்


ஜூன் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆசிகள். தேர்வை நன்றாக எழுதியதாக நீ அனுப்பிய இரண்டு வரி வந்தது. என் தேர்வு முடிவைக் கேள்.

பத்தொன்பதாம் தேதி காலை கேட்டில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு போனைப் பிடித்தேன். ‘ஆள் பொருந்தவில்லை.’ கஞ்சி நிமிர்ந்தார். நான் நேரே அவரிடம் போய், ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார்.

“அப்போ இத்தனை நாளும் கேட்டுல நின்னு வாயைக் கோணினது இதுக்கா?”

“ஆமா சார்.”

“நான் எதிர்ல நிக்கிறேன். என் மூஞ்சியைப் பார்த்துத் தினமும் வாயைக் கோணி ஒத்தைக் கண்ணை அடிச்சா நான் என்னய்யா நினைப்பேன்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாக நான் அவருக்குப் பழிப்புக் காட்டுகிறேன் என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“வீட்டுல போய் என் பொண்டாட்டிகிட்ட கேட்டேன், நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்னு. இஸ்திரி போட்ட சட்டையை விட்டுட்டு ஒரு வாரம் சாதாரணச் சட்டை போட்டுக்கூட வந்தேன். நீங்க கவனிக்கலை.”

பின்னால் தையலக்கா வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். நான் எனக்காகப் போனைப் பார்த்தேன், அவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டத்தில் எழுதினேன். டாக்டர் ரூமுக்கு அனுப்பினார்கள். கன்னத்தை உப்பச் சொன்னார்கள், விசிலடிக்கச் சொன்னார்கள், எனக்குத் தெரிந்த சகல வித்தையும் காட்டினேன். வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் ரோலர் கிடையாது. கஞ்சி எனக்காகப் பேசினார், ஆனாலும் விதி விதிதானாம். இப்போது மடிப்பு மேஜையில் தலையணை உறை மடிக்கிறேன். உட்கார்ந்த வேலை. ரோலர் எனக்கு இருபது அடி தள்ளித்தான் இருக்கிறது. வேறு ஒருத்தர் நிற்கிறார், விரிப்பைக் கோணலாகக் கொடுக்கிறார். சொல்ல வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

புதுப் படம் எடுத்தார்கள். அதே கம்ப்யூட்டர் பெண். “நேரா வையுங்க சார்” என்றாள். நேராகத்தான் வைத்தேன். வட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாக இறங்கிவிட்டது. ஆறாவது தடவைதான் நான் வந்தேன்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் கூப்பிடு. சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

அப்பா


ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஞாயிற்றுக்கிழமை பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அழைப்பை எடுத்த உடனே நீங்கள் வாயை ஒரு பக்கம் இறக்கினீர்கள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் வட்டம்கூட இல்லை, நான்தான் இருந்தேன். உங்களுக்கே தெரியவில்லை. அப்புறம் கையால் கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கேட்காமலே ‘பம்பரம்’ என்றீர்கள். மூன்று தடவையும் உதடு ஒட்டியது. எங்கள் லேபில் அதற்கு முழு மதிப்பெண்.

தேர்வில் தேறிவிட்டேன். இன்று காலைதான் சொன்னார்கள். இனி நிரந்தரம். நீங்கள் என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

மகள்


ஜூலை 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

தேறியதற்குச் சந்தோஷம். மடிப்பு மேஜையில் எல்லாருக்கும் சொன்னேன். கஞ்சி கை கொடுத்தார். தையலக்கா அந்தச் சந்தோஷத்தில் ஒரு தலையணை உறையை வாய்ப்பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

அன்றைக்கு நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிஷம் பேசினோம். அதில் மூன்று தடவை நீ சத்தத்தை நிறுத்தினாய். ‘நெட் போயிருச்சுப்பா’ என்றாய். சத்தம் போனது, படம் போகவில்லை. நீ பக்கவாட்டில் திரும்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியதை முழுசாகப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெகு நேரம் இருமினாய். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து முகம் இருட்டாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பல் தேய்க்கிற தூசி என்று நினைக்கிறேன். ‘தொண்டை கட்டியிருந்தது’ என்று ஒரே ஒரு தடவை எழுதினாய். அதைத் தவிர, அந்த இரண்டு வரியையும் சேர்த்து ஐந்து கடுதாசியிலும் ‘நான் நலம்’ தான். எடுத்து அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பல் மாதிரி இருக்கிறது.

திட்டவில்லை. எனக்கு எந்த வாயால் திட்ட. ஒப்பந்தத்தை உடைக்க நான் கற்றுக்கொடுத்தேன், நீ பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறாய். ஆனால் நான் டாக்டரிடமாவது போனேன். நீ போனாயா என்று இந்தக் கடுதாசியில் கேட்கப் போவதில்லை. ‘நலம்’ என்று எழுதிவிடுவாய்.

ரோலரில் நிற்கிறவனுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே கஷ்டம். தலையணை உறை மடிக்கிறவனுக்குச் சுலபம் என்று இப்போதுதான் தெரிந்தது. எட்டு நாள் கேட்டேன். கஞ்சி ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இதையும் விரைவுத் தபாலில்தான் போடுகிறேன், வியாழக்கிழமை வண்டி. சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். அன்றைக்கே இரண்டு பேருமாக நெஞ்சு டாக்டரிடம் போகிறோம். எட்டு நாளும் அந்தக் கேட்டில் ‘வரவில்லை’ என்றே பதியட்டும்.

நான் வந்து கதவைத் தட்டும்போது முகம் நேராக இருக்குமா என்று உத்தரவாதம் தர முடியாது. வண்டியில் இரண்டு நாள் உட்கார்ந்து வருகிறேன், அலுத்துப்போனால் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. ஆள் பொருந்தவில்லை என்று தோன்றினால் கதவைத் திறக்காதே. உள்ளேயிருந்தே பம்பரம் சொல்லச் சொல். சொல்கிறேன்.

அப்பா